பச்சிளங்குழந்தைகளில் திசுப்படல அழுகல்

பச்சிளங்குழந்தைகளில் திசுப்படல அழுகல் என்பது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பையும், தசையைப் போர்த்தியுள்ள திசுப்படலத்தையும் பாக்டீரியாக்கள் விரைந்து அழிக்கும் அரிய நோய்த்தொற்று ஆகும். மருத்துவ நூல்கள் இதனை நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ் எனக் குறிப்பிடுகின்றன. 1999 ஆம் ஆண்டில் வெளியான ஒரு மீளாய்வில் தொகுக்கப்பட்ட 66 பச்சிளங்குழந்தைகளுள் 39 குழந்தைகள் இறந்தன.

காரணங்கள்

தொப்புள்கொடி வெட்டப்பட்ட இடத்தில் ஏற்படும் தொற்றே முதன்மைக் காரணம். மேற்கண்ட 66 குழந்தைகளுள் 47 பேருக்கு நோய் அவ்வாறே தொடங்கியது. ஆகையால் வயிற்றுச் சுவரே பெரிதும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் பலவகை பாக்டீரியாக்கள் ஒருங்கே காணப்படுகின்றன.

அறிகுறிகள்

தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் தோன்றும். பின்னர் தோல் ஊதா நிறமடைந்து கொப்புளங்கள் உண்டாகலாம். குழந்தை பால் குடிக்க மறுக்கும், சோர்ந்து காணப்படும். உள்ளே பரவியுள்ள அழுகல், வெளியே தெரியும் சிவப்பைவிட அகன்றதாக இருக்கும்.

அறுவை மருத்துவம்

இந்நோயில் நுண்குருதிக் குழாய்கள் அடைபடுவதால், குருதிவழி செலுத்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இறந்த திசுவைச் சென்றடைவதில்லை. எனவே மருந்துடன் உடனடி அறுவையும் தேவைப்படுகிறது. குருதி கசியும் நலமான திசு தென்படும் வரை இறந்த பகுதி வெட்டி நீக்கப்படும். தொப்புளில் தொடங்கிய தொற்றாயின், தொப்புளுடன் அதன் உட்புறக் குருதிக் குழாய்களும் அகற்றப்படலாம். காயம் தைக்கப்படாமல் விடப்பட்டு, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மீண்டும் ஆராயப்படும். 3 கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்தக் குருதி சுமார் 250 மில்லி லிட்டரே என்பதால், சிறிய குருதி இழப்பும் ஆபத்தானது. தோல் ஒட்டு பின்னர் செய்யப்படும்.

வடசென்னையில்

இராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனையும், அதனுடன் இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் உள்ளன. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைப் பிரிவு உண்டு. எனினும் பொதுவாகத் தாயும் சேயும் வீடு திரும்பிய பின்னரே தொப்புள்கொடி காய்ந்து உதிர்கிறது. ஆதலால் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ உள்ள வீட்டினரே முதல் அறிகுறியைக் காண நேரிடும். சரக்குப் பெட்டக லாரிகளால் நெரிசல் மிகுந்த சாலைகளைக் கடக்க வேண்டியிருப்பதால், சிவப்பு பரவுவதைக் கண்டவுடன் புறப்படுவது இன்றியமையாதது. 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். 2011 இல் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம்.

தடுப்பு

தொப்புள்கொடியை உலர்வாகவும் தூய்மையாகவும் வைத்திருத்தல் போதுமானது. சாம்பல், மஞ்சள், எண்ணெய், சாணம் ஆகியவற்றைத் தடவக்கூடாது. குழந்தையைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.