அப்புக்காத்துப் படிப்புக்கு எந்தப் பாடம்?

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில், நான் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளை, அடுத்த வளவு நண்பர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சாதாரண தரப் பரீட்சையில் ஒன்பது பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளை அவள். கையிலே உயர்தர வகுப்புக்கான படிவம் இருந்தது. தந்தையார் முகத்திலோ கோபமும் கவலையும் சரிபாதி.

"இவள் சட்டம் படிக்கப் போறாளாம், அண்ணை. ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளை உயிரியலை விட்டிட்டுக் கலைப்பிரிவுக்குப் போறது நியாயமோ?"

பிள்ளையின் கவலை வேறு. "மாமா, அரசறிவியல் எடுத்தால்தான் சட்டத்துக்குப் போகலாம் எண்டு சிநேகிதப் பிள்ளையள் சொல்லினம். உண்மையோ?"

1979 ஆம் ஆண்டு சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணஞ் செய்தவன் நான். இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் பழைய பேதம் 1973 ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தோடு ஒழிந்துவிட்டது. ஆயினும் எங்கள் ஊரில் கறுத்தக் கோட்டுப் போட்டவரெல்லாம் இன்றும் அப்புக்காத்துத்தான்.

உண்மை யாதெனில், சட்டத்துக்கென்று விதிக்கப்பட்ட பாடம் எதுவுமே இல்லை. எந்தப் பிரிவில் உயர்தரம் கற்றவரும் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்; வெட்டுப்புள்ளியைத் தாண்டவேண்டும், அவ்வளவே. சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையோ மொழியறிவையும் பொது அறிவையும் சோதிப்பது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் ஈற்றில் அக்கல்லூரியின் பரீட்சைகளில் தேறி, ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ்ப் பயிலுநராக இருந்த பின்னரே நீதிமன்றப் படியேறலாம். அரசறிவியல் நல்ல பாடம். அரசியலமைப்புச் சட்டத்தைக் கற்கையில் கைகொடுக்கும். ஆனால் அது வாயிற்காவலன் அன்று.

தந்தையாருக்கும் ஒன்று சொன்னேன். அரசியல் மேடையிலேயே நாம் நினைவுகூரும் சா. ஜே. வே. செல்வநாயகம் சிவில் வழக்குகளிற் பெயர்பெற்ற இராணி வழக்கறிஞர். அவர் 1918 இல் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பரீட்சையிற் பெற்றது விஞ்ஞானப் பட்டம். கொழும்பிலே ஆசிரியராக இருந்த பின்னரே சட்டத்துக்கு வந்தார். இதைக் கேட்டதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உயிரியல் படிச்சிட்டும் போகலாம்தானே?" என்றார். போகலாம். ஆயின் மனம் ஒட்டாத பாடத்தில் மூன்று திறமைச் சித்தி வாங்குவது எவ்வாறு? அதற்கு அவரிடம் விடை இருக்கவில்லை.

பிள்ளைக்கு என் சொந்தக் கதையொன்றைச் சொன்னேன். 1972 இல் நான் உயர்தரம் எழுதியபோது தமிழும் வரலாறும் எனக்கு உயிர், கணக்கென்றால் காய்ச்சல். சட்டத்துக்குக் கணக்கு எதற்கு என்று இறுமாந்திருந்தேன். தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு பங்குவழக்கு வந்தது. ஆறு பரப்புக் காணி. என் கட்சிக்காரரின் தந்தைக்கு அதிற் பிரிபடாப் பாதி. அப்பாதியில் மூன்றிலொன்றை அவர் மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். சீதனம் பெற்று மணம் முடித்த மகளுக்கு, மற்றப் பிள்ளைகள் இருக்கையில், பெற்றோர் சொத்தில் மேலும் பங்கில்லை என்பது தேசவழமை. எஞ்சிய நான்கு பிள்ளைகளில் ஒருவர் என் கட்சிக்காரர்.

நான் சீதன உறுதியை வாசித்தேன், கழிக்க மறந்தேன். பாதியை நான்காகப் பிரித்து, எட்டிலொன்று என்று வழக்குரையில் எழுதிவிட்டேன். சரியான பங்கு பன்னிரண்டிலொன்று. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. ஆகவே பதின்மூன்றரைக் குழி கேட்ட இடத்தில் அவருக்கு உரியது ஒன்பது குழியே. மிகுதி நாலரைக் குழி பெரிதா என்று கேட்கவேண்டாம். கிணற்றடியும் அதற்குப் போகும் ஒழுங்கையும் அந்த நாலரைக் குழிக்குள் இருந்தன. எதிர்த்தரப்பு முதியவர் ஒருவர் மன்றிலே விரல்விட்டு எண்ணிப் பிழையைக் காட்டியபோது, என் கட்சிக்காரர் என்னை நிமிர்ந்தும் பாராமல் வெளியே நடந்தார். அதன் பின்னர் அவர் என்னிடம் வரவே இல்லை. சகோதரர்களோடும் நெடுநாள் பேசவில்லை என்று அறிந்தேன்.

ஆதலால் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்ற பாடத்தை எடுக்கும்படி அவளுக்குச் சொன்னேன். ஓர் எடுகூற்றிலிருந்து எதை முடிபாகக் கொள்ளலாம், எதைக் கொள்ளலாகாது என்பதை அது பழக்கும். குறுக்கு விசாரணை என்பதே அதன் நடைமுறைப் பயிற்சி எனலாம்.

வரலாற்றையும் நான் விட்டுக்கொடேன். எங்கள் சட்டம் ஒரு மரத்திற் காய்த்ததன்று. உரோமன் டச்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம், கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை எல்லாம் ஒரே மன்றில் அருகருகே நிற்கின்றன. தேசவழமையைத் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த திசாவை. 1707 இல் அத்தொகுப்பு பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806 இன் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். இவற்றை அறியாதவன் முதுசம், தேடியதேட்டம் என்ற சொற்களை மனனம் பண்ணலாம், விளங்கிக்கொள்ளமாட்டான்.

தமிழ் எதற்கு என்று தந்தையார் முணுமுணுத்தார். தொல்காப்பிய உரைகளை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை, பி.எல். தேறிப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர் என்பதை நினைவூட்டினேன். பழைய உறுதியில் ஒரு வேற்றுமை உருபு மாறினால் காணியே கைமாறும்.

ஆயினும் ஆங்கிலத்தைப்பற்றி ஒளிக்காமற் சொல்லவேண்டியிருந்தது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தவேண்டுமென 2020 இன் இறுதியில் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நூறாண்டுத் தீர்ப்பறிக்கைகள் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. மேன்முறையீட்டு நீதிமன்றிலும் உயர் நீதிமன்றிலும் வாதம் பெரும்பாலும் அம்மொழியிலேயே நடக்கின்றது. யாழ்ப்பாணத்திலே வென்ற வழக்கைக் கொழும்பிலே வேறொருவர் வாயால் வாதிடவைத்த அனுபவம் எனக்குண்டு. பின்னாலே உட்கார்ந்து, அவர் சொல்லாமல் விட்டதை எண்ணி நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பொது ஆங்கிலம் புள்ளியிற் சேராத பாடமென்று எங்கள் பிள்ளைகள் அதை ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று.

படிவத்திலே தமிழும் அளவையியலும் ஏறிவிட்டன. மூன்றாம் இடத்தில் அவள் வரலாறு என்றாள். தந்தையார் பொருளியல் என்றார்: "சட்டம் சரிவராட்டில் பாங்கிலெண்டாலும் ஒரு வேலை." அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, நான் வாய் திறக்கவில்லை. பிள்ளை சற்றுநேரம் படிவத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "மாமா, அந்த வழக்குக் கிணறு கடைசியில் ஆருக்குப் போனது?" என்று கேட்டாள்.

"பொதுக்கிணறு எண்டு தீர்ப்பு வந்தது, பிள்ளை" என்றேன்.

திங்கட்கிழமைதான் படிவம் ஒப்படைக்கும் கடைசி நாள். மூன்றாம் பாடத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு இருவரும் எழுந்து போனார்கள்.