பணம் போயாச்சு, பில் கட்டலையாம்!

கரண்ட் பில், கேஸ், மெட்ரோ வாட்டர், பிராட்பேண்ட், டிடிஎச், சொத்து வரி என்று வீட்டுக்குக் கட்ட வேண்டியவை எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. எந்த ஆப்பில் கட்டுவது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "எதுல கேஷ்பேக் வருதோ அதுல கட்டுங்க" என்பார்கள். கிடைப்பது இரண்டு ரூபாயும், நாம் எட்டிக்கூடப் பார்க்காத கடைக்கு ஒரு கூப்பனும். பில் ஒழுங்காகப் போய்ச் சேருகிற நாளில் எல்லா ஆப்பும் ஒன்றுதான். கணக்கில் பணம் குறைந்து, பில் மட்டும் பாக்கி என்று நிற்கிற நாளில்தான் வித்தியாசம் தெரியும். அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு எந்த ஆப்பில் பதில் இருக்கிறதோ, அதில் கட்டுங்கள் என்பது என் கட்சி.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். இருபதாவது நாள் ராத்திரிதான் பலருக்கு ஞாபகமே வரும். அவசர அவசரமாகப் பின் நம்பரைப் போட்டதும் பணம் எடுக்கப்பட்டதாக வங்கிக் குறுஞ்செய்தி வந்து விழும். ஆப் திரையிலோ 'பெண்டிங்' என்று நின்றுகொண்டிருக்கும். உடனே இன்னொரு ஆப்பைத் திறந்து மறுபடியும் கட்டுகிறோம். காலையில் பார்த்தால் இரண்டுமே போயிருக்கும். கூடுதலாகக் கட்டியது பெரும்பாலும் அடுத்த பில்லில் வரவாகிவிடும்தான். ஆனால் மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரூபாய் போய் அங்கே உட்கார்ந்துகொண்டால் வீட்டில் எதை நிறுத்துவது? முதலில் மின்வாரியத்தின் சொந்த இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டு, பில் இன்னும் பாக்கி என்றுதான் காட்டுகிறதா என்று பாருங்கள். அடுத்ததை அப்புறம் யோசிக்கலாம். கடைசி நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பே கட்டிவிட்டால் இந்தத் தவிப்பே இல்லை.

பில் கட்டுவதற்கென்றே இந்தியாவில் ஒரு பொதுப் பாதை இருக்கிறது. பாரத் பில் பேமென்ட் சிஸ்டம் என்ற பெயரில் 2016-இல் சோதனையாகத் தொடங்கினார்கள். 2024-இல் அதன் பெயர் பாரத் கனெக்ட் ஆனது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் துணை நிறுவனம் ஒன்று இதை நடத்துகிறது. கடிவாளம் ரிசர்வ் வங்கியின் கையில். முதலில் மின்சாரம், தொலைபேசி, டிடிஎச், எரிவாயு, தண்ணீர் என்று ஐந்து இனங்களுக்கு மட்டும் இருந்ததை, 2019-இல் திரும்பத் திரும்ப வரும் மற்ற பில்களுக்கும் திறந்துவிட்டார்கள். நீங்கள் கட்டும் ஆப் ஒரு முனையில் நிற்கிறது, மின்வாரியத்தின் சார்பில் வாங்கிக்கொள்ளும் அமைப்பு மறுமுனையில் நிற்கிறது, நடுவில் இந்தப் பாதை. பணம் எங்கே சிக்கினாலும் எந்த முனையில் சிக்கியது என்று தேடிப் பார்க்க இதில் வழி உண்டு. ஆகவே பில் தொகை வரும் திரையில் பாரத் கனெக்ட் முத்திரை இருக்கிறதா என்பதுதான் என் முதல் சோதனை. பெரிய வங்கிகளின் ஆப்களிலும் பிரபலமான யுபிஐ ஆப்களிலும் இது இருக்கும். கூகுளில் தேடும்போது விளம்பரமாக முதலில் வந்து நிற்கும் ஏதோ ஒரு 'குயிக் பே' தளத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இணைப்பு எண்ணைப் போட்டதும் வரும் திரையில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மின் இணைப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மண்டலத்தைக் குறிப்பவை. அதை விட்டுவிட்டோ மாற்றியோ போட்டால் வேறு ஊர்க்காரர் பில் வந்து நிற்கும். பெயர், தொகை, கடைசித் தேதி மூன்றையும் வெள்ளை அட்டையோடோ மின்வாரியக் குறுஞ்செய்தியோடோ ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பின் நம்பர். (பில்லரின் பெயர் டிஎன்பிடிசிஎல் என்று வந்தால் பதற வேண்டாம். 2024-இல் மின்வாரியத்தின் டான்ஜெட்கோ நிறுவனத்தைப் பிரித்தபோது வந்த பெயர் அது. நமக்கு என்றைக்கும் இ.பி.தான்.) தெரியாத ஒருவருடைய பில்லைக் கட்டிவிட்டால், பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் எல்லாப் பதிவேடும் சொல்லும். அதைத் திரும்ப வாங்க ரசீதோடு பிரிவு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நடையாய் நடக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் வரும் ரசீதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று யுபிஐ எண், 12 இலக்கம். உங்கள் கணக்கிலிருந்து பணம் கிளம்பியதற்கு அது சாட்சி; வங்கி ஸ்டேட்மென்டிலும் அதே எண் வரும். இன்னொன்று பாரத் கனெக்ட் பரிவர்த்தனை எண். எழுத்தும் இலக்கமும் கலந்து நீளமாக இருக்கும். பில்லுக்குச் சாட்சி அதுதான். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு இ.பி. ஆபீஸுக்குப் போனால், "எங்களுக்கு இன்னும் வரலைங்களே" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்து அவர்கள் கணினியில் எதையும் தேட முடியாது. வங்கிக்குப் போனால், "இங்கேயிருந்து போயிடுச்சே" என்பார்கள். அதுவும் உண்மைதான். இரண்டு உண்மைகளுக்கு நடுவில் நாம் பந்தாடப்படாமல் இருக்க வேண்டுமானால் இரண்டாவது எண் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் ஆப்பின் பரிவர்த்தனைப் பட்டியலிலேயே புகார் பதியலாம். பாரத் கனெக்ட் இணையதளத்திலும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் பச்சை டிக் தெரிகிற மாதிரி மட்டும் எடுத்து, கீழே உள்ள எண்களை வெட்டிவிடுவதைப் பார்க்கிறேன். அந்தப் படத்தால் பிரயோஜனமில்லை.

பணம் எப்போது திரும்ப வர வேண்டும் என்பதற்குச் சட்டப்படி கெடு உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவின்படி, யுபிஐயில் ஒரு வணிக நிறுவனத்துக்குக் கட்டி, கணக்கில் பணம் குறைந்து, அந்தப் பக்கம் உறுதிச் செய்தி போகாமல் நின்றுவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நாம் கேட்காமலேயே தர வேண்டும் என்கிறது உத்தரவு. நடைமுறையில் எழுதிக் கேட்பது நல்லது. "2019 உத்தரவின்படி தாமத இழப்பீடு" என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் பதிலின் தொனியே மாறும்.

முப்பது நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வங்கி, வாலட், பேமென்ட் நிறுவனம் எதுவானாலும் ஒரே வாசல் என்று 2021 நவம்பரில் முறையைச் சுருக்கினார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். இணையத்திலேயே பதியலாம், விவரம் கேட்க 14448. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. யுபிஐ ஆப் நடத்தும் நிறுவனங்கள் பலவும் தாங்களே வங்கி அல்ல. பின்னால் ஒரு வங்கி நிற்கும். உங்கள் யுபிஐ முகவரியில் @ குறிக்கு அடுத்து இருப்பது பெரும்பாலும் அந்த வங்கியின் அடையாளம்தான். புகாரில் ஆப்பின் பெயரோடு அந்த வங்கியையும், உங்கள் கணக்குள்ள வங்கியையும் சேர்த்து எழுதுங்கள். பணம் சேர்ந்த பிறகும் இ.பி. வரவு வைக்கவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்றால் அது வேறு வழக்கு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) பதிந்துவிட்டு, பலிக்காவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கும் மேல் மின்சாரக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

இவ்வளவு வழிகள் இருந்தும் சிக்கிய பணத்தைத் தேடிப் போகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று கூகுளில் தேடுவது. திருடன் அங்கேதான் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த எண்ணைக் கூப்பிட்டால் தேன் ஒழுகப் பேசி, "ரீஃபண்ட் அனுப்ப ஒரு ஆப் இறக்கிக்கோங்க சார்" என்பார்கள். உங்கள் திரையை அவர்கள் கைக்குக் கொண்டுபோகும் ஆப் அது. இந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்துவிட்டது. பின் நம்பரைப் போடச் சொன்னால் யோசியுங்கள்: பணம் உள்ளே வருவதற்குப் பின் நம்பர் எதற்கு? யுபிஐயில் பின் போட்டால் பணம் வெளியேதான் போகும். உதவி எண் வேண்டுமானால் ஆப்புக்குள் இருக்கும் 'உதவி' பகுதியிலோ ஏடிஎம் கார்டின் பின்புறத்திலோ பாருங்கள்.

இன்னொரு கூட்டம் நமக்குச் சிரமம் வைக்காமல் தானே தேடி வருகிறது. "முந்தைய மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்று குறுஞ்செய்தி வரும். இப்போது வாட்ஸ்அப்பில் 'பில் அப்டேட்' என்று ஏபிகே கோப்பாகவும் வருகிறது. அதைத் தொட்டு நிறுவினால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போகும். பயத்தை ஒதுக்கிவிட்டு அந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் வரும் ஊரில் 'முந்தைய மாத பில்' எங்கிருந்து வந்தது? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56-இன்படி பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் எழுத்து மூலமான முன்னறிவிப்பு வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கம்பம் ஏறுகிற வேகம் நம் இ.பி.க்கு வாய்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஏமாந்தே விட்டால்? 1930-க்கு உடனே அடியுங்கள். இணையக் குற்றப் புகார் எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கிவிட்டால் மீட்கும் வாய்ப்பு உண்டு. கூடவே வங்கிக்கும் சொல்லி, சொன்ன நேரத்துக்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவு இதற்காகத்தான். உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நம் தலையில். வாடிக்கையாளர் தவறு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. ஆனால் இந்தப் பாதுகாப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பின், ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் நஷ்டம்தான்; தெரிவித்த பிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு. வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

ஆட்டோபே பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மாதாமாதம் ஒரே தொகை வரும் பிராட்பேண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கரண்ட் பில்லுக்கு நான் வைக்கச் சொல்லமாட்டேன். ரீடிங் தப்பாக எழுதி, வழக்கமான இரண்டாயிரத்துக்குப் பதில் பன்னிரண்டாயிரம் வந்தால், 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், வரும். அன்றைக்கு நாம் பார்த்தோமா என்பதுதான் கேள்வி. வைத்தே தீர வேண்டுமென்றால் அதிகபட்சத் தொகையை வழக்கமான பில்லுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். வாலட்டில் ஆயிரக்கணக்கில் போட்டு வைப்பதும் வேண்டாத வேலை. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, மார்ச் 15-க்குப் பிறகு அதன் கணக்கிலும் வாலட்டிலும் புதிதாகப் பணம் போட முடியாமல் ஆனபோது, இருந்த பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதை நம்பி எல்லா பில்லையும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு வழி தேடி அலைந்தார்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். கிரெடிட் கார்டில் கட்டினால் சில ஆப்கள் தனிக் கட்டணம் வசூலிக்கும்.

பணம் கட்டும் கடைசித் திரையில் 'நன்கொடை 1 ரூபாய்', 'காப்பீடு 5 ரூபாய்' என்று ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தால் அது சட்டவிரோதம். நாம் கேட்காததைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையம் புகார் வாங்கிக்கொள்ளும். ஒரு ரூபாய்க்கு யார் புகார் கொடுப்பார்கள் என்கிற தைரியத்தில்தான் வைக்கிறார்கள்.

ஊரில் அப்பா அம்மா, பெங்களூரில் பிள்ளை, பில் கட்டுவது பிள்ளை என்கிற வீடுகளில் வேறொரு சிக்கல். இ.பி.யில் பதிந்திருக்கும் கைபேசி எண் எப்போதோ கைவிட்ட பழைய எண்ணாக இருக்கும். கணக்கெடுத்த செய்தி யாருக்கோ போய்க்கொண்டிருக்கும். அதை மாற்றிப் பதிவது கொஞ்ச நேர வேலை. பெரியவர்கள் தெருமுனைக் கடையில் பணம் கொடுத்துக் கட்டுகிறார்கள் என்றால், பாரத் கனெக்ட் எண் அச்சான ரசீதைக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள். "கட்டிடறேன், சாயங்காலம் வாங்கம்மா" என்கிற கடையில் கட்ட வேண்டாம்.