நூறு வருஷத்து வெள்ளம்

தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ள நெல்லைக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோயிலைத்தான் பார்ப்பார்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் பேசினால், “அதெல்லாம் நூறு வருசத்துக்கு ஒருக்க வாரதுல்லா” என்பார்கள். அடுத்தது வர 31 வருஷம்தான் ஆனது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., பாளையங்கோட்டையில் 44 செ.மீ. மழை.

அப்படியானால் கணக்கு தப்பா? கணக்கு சரி, நாம் அதைப் படிக்கிற விதம்தான் தப்பு.

ஓர் ஊரில் ஒரு வருஷத்தின் மிகப் பெரிய ஒருநாள் மழை எவ்வளவு? வருஷம் முடியும்வரை தெரியாது. முடிந்தால் ஓர் எண் கிடைக்கும். இப்படி வாய்ப்பு தீர்மானிக்கிற எண்ணுக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘சமவாய்ப்பு மாறி’ என்று பெயர். அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு குடத்தில் நூறு சீட்டு, அதில் ஒன்று சிவப்பு; அதுதான் ‘நூறு வருஷ’ மழை. வருஷத்துக்கு ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குடத்திலேயே போட்டுவிட வேண்டும். திரும்பப் போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. போன வருஷம் சிவப்பு வந்ததா என்பது குடத்துக்குத் தெரியாது. இந்த வருஷமும் வாய்ப்பு அதே 1 சதவீதம்தான்.

நூறு வருஷம் எடுத்துப் பாருங்கள். சிவப்புச் சீட்டு சரியாக ஒரே தடவை வருவதற்கான நிகழ்தகவு 37 சதவீதம். வராமலே போக இன்னொரு 37. மீதி 26 சதவீதம், இரண்டு தடவையோ அதற்கு மேலோ! ஆற்றோரம் வீடு கட்டி முப்பது வருஷம் குடியிருப்பவருக்கு ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். வீட்டுக் கடன் தருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்று, குடம் ஊருக்கு ஊர் வேறு. காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்த அதே நாளில் பக்கத்துத் திருச்செந்தூரில் பதிவானது 69 செ.மீ. மழைமானிகள் நிறைய இருக்கிற மாநிலத்தில் எங்காவது ஓரிடத்தில் ‘நூறு வருஷம் காணாத மழை’ பெய்வது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை.

அந்த 1 சதவீதமும் மேலிருந்து யாரும் எழுதிக் கொடுத்ததல்ல; பழைய பதிவேடுகளிலிருந்து போட்ட மதிப்பீடு. கடல் சூடேறச் சூடேறக் குடத்துச் சீட்டுகளும் மாறுகின்றன. 95 செ.மீ. பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி நூறு வருஷ மழைக்கு என்று பாலமோ மதகோ கட்டுகிற பொறியாளர் அந்த மழை எத்தனை சென்டிமீட்டர் என்பதை முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.