சம்பளப் பற்றுகை ஆணை: வேலை கொடுத்தவரின் பொறுப்பு

கடன் வழக்கில் தோற்று, தீர்ப்பான தொகையைக் கட்டாமல் இருப்பவரை நீதிமன்ற மொழியில் தீர்ப்புக் கடனாளி என்பர். வழக்கில் வென்றவர் நிறைவேற்று மனு தாக்கல் செய்து, அந்தத் தொகையைக் கடனாளியின் மாதச் சம்பளத்திலிருந்து பிடித்துத் தருமாறு கேட்கலாம் என்பதால், வழக்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேலை கொடுத்தவர் நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராகிறார். பேச்சு வழக்கில் சம்பள ஜப்தி எனப்படும் இந்தப் பற்றுகைக்கு, இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் கட்டளையின் 48ஆம் விதி அரசு ஊழியர்களுக்கும், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 48ஏ விதி தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் அடிப்படையாக அமைகின்றன.

ஆணை கிடைத்த பின்னரும் அதை மீறிச் சம்பளம் வழங்கினால், அவ்வாறு வழங்கிய தொகைக்கு நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று 48ஏ விதி கூறுவதால், ஊழியரின் வேண்டுகோளோ நிர்வாகத்தின் இரக்கமோ பிடித்தத்தைத் தள்ளிப்போடக் காரணமாகாது. ஆணை வந்த தேதியைப் பதிந்து, குறிப்பிடப்பட்டவர் தம் ஊழியர்தானா என்பதைச் சரிபார்த்து, அவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு அடுத்த சம்பளத்திலேயே பிடித்தத்தைத் தொடங்குவதும், பிடித்ததை நீதிமன்றத்துக்கே செலுத்துவதும் முறையாகும்.

பெரும் தவறுகள் நேர்வது கணக்கில்தான். 60ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடன் தீர்ப்பாணையில் சம்பளத்தின் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகைக்கு உட்படாதவை. எனவே 31,000 ரூபாய் சம்பளம் பெறுபவரிடம் 21,000 ரூபாயைத் தொடாமல், அதிகபட்சம் 10,000 ரூபாயையே பிடிக்க முடியும். ஜீவனாம்சத் தீர்ப்பாணையில் இந்தப் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கைவிடப்பட்ட மனைவி, குழந்தைகளின் உணவை மற்றக் கடன்களுக்கு மேலாக வைத்த இந்த வேறுபாடு நியாயமானது. சம்பளம் என்பது மாதாந்திர மொத்த ஊதியத்தைக் குறிக்கிறது. அரசு ஊழியர்களுக்கு அரசின் அறிவிக்கையால் விலக்களிக்கப்பட்ட படிகள் மட்டும் அதில் சேரா. ஆகவே ஊழியர் தாமாக வாங்கிய வங்கிக் கடனின் தவணையைக் கழித்துவிட்டு மீதியில் கணக்கிடுவது பிழையாகும். தொழிலாளர்களின் கூலியும் வீட்டுப் பணியாளர்களின் கூலியும் முழுமையாக விலக்குப் பெற்றவை. தொழிலாளர் என்ற சொல் திறன் பெற்றவரையும் உள்ளடக்கும். அத்தகையவரின் கூலி மீது ஆணை வந்தால், அதைப் பேசாமல் நிறைவேற்றுவதைவிட உண்மை நிலையை நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதே பொறுப்புள்ள செயலாகும். இந்த விலக்குகளை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

ஒரே சம்பளத்தின் மீது இரண்டாவது ஆணை வருவதும் உண்டு. பற்றத்தக்க பகுதி முழுவதும் முந்தைய ஆணைக்கே போய்க்கொண்டிருந்தால், நடப்பிலுள்ள பற்றுகையின் முழு விவரத்துடன் புதிய ஆணையை அனுப்பிய நீதிமன்றத்துக்கே உடனடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் சம்பளப் பிரிவுக்கு இல்லை.

எளிதில் மறக்கப்படுவது கால எல்லையாகும். சாதாரணக் கடனுக்கான பற்றுகை, தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதங்கள் நடந்திருந்தால், அடுத்த 12 மாதங்களுக்குச் சம்பளத்தின் பற்றத்தக்க பகுதி விலக்குப் பெறுகிறது. அந்த 24 மாதங்களும் ஒரே தீர்ப்பாணைக்காக நடந்திருந்தால், அத்தீர்ப்பாணைக்காக மறுபடியும் பிடிக்கவே முடியாது. கணினியில் ஒருமுறை பதிந்த பிடித்தம் யாரும் நிறுத்தாதவரை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் பிடித்தத்தின்போதே கடைசி மாதத்தையும் குறித்து வைத்து, அந்த மாதம் நெருங்கியதும் அதுவரை செலுத்திய தொகையின் கணக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பி, அதன் நகலை ஊழியருக்கும் தருவது நிறுவனத்தின் கடமை என்றே கொள்ள வேண்டும்.