பிரையண்ட் பூங்கா, கொடைக்கானல்

படகுத்துறைக் கூட்டம், வாடகை சைக்கிள் மணி, குதிரைக் குளம்பொலி எல்லாம் ஏரிச் சாலையோடு நின்றுவிடும். பூங்காவின் உட்பாதையில் கொஞ்சம் நடந்தால் பறவைக் குரல்கள் தெளிவாகக் கேட்கும்.

மரங்களுக்கு அப்பால் இருக்கும் ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863இல் இங்கிருந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி நீரைத் தேக்கினார். நீர் மலை மடிப்புகளுக்குள் புகுந்து நின்றதால்தான் ஏரிக்கரை இப்படி வளைந்து வளைந்து செல்கிறது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மோட்டார் சாலை இல்லாத காலத்தில், கடலோரத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே ஒரு படகை ஏற்றிய உழைப்பை எண்ணிப் பாருங்கள். அதைச் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

பூங்கா பிறகு வந்தது. வன அதிகாரி எச்.டி. பிரையண்ட் 1908இல் இதற்குத் திட்டமிட்டார். பரப்பு சுமார் 20 ஏக்கர். மே மாத மலர்க் கண்காட்சியின்போது இங்கும் நெரிசல்தான். மற்ற மாதங்களில், வார நாட்களில் காலையிலேயே வந்துவிடுங்கள். ரோஜாப் பாத்திகளைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்பாமல், உள்ளே இருக்கும் பழைய மரங்கள் வரை நடந்து செல்லுங்கள்.

பூக்களைப் பறிக்க வேண்டாம்.