எடைக் கழிவும் ஜாவாஸ்கிரிப்டும்

மலருக்கு வழக்கம்போல் கல்வெட்டு பற்றித்தான் எழுத நினைத்தேன். "கணினி பற்றி எழுதுங்க ஐயா, பிள்ளைகளும் படிப்பாங்க" என்றார் குழு நண்பர். அறுபதைத் தாண்டிய பிறகு நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன்.

புனே ரவிவார் பேட்டையில் எனக்குப் பாத்திரக் கடை. பித்தளை, செம்பு மொத்த வியாபாரம் எடைக்கணக்கில்தான். சாக்கோடு நிறுத்த எடையில் சாக்கின் எடையைக் கழித்தால் நிகர எடை. அதற்குத்தான் பணம். கழிக்காவிட்டால் சாக்கைப் பித்தளை விலைக்கு விற்றதாகும். எங்க வீட்டில் அதற்குக் களவு என்று பெயர்.

மகன் கடைக்கு 'இஆர்பிநெக்ஸ்ட்' மென்பொருளைக் கொண்டுவந்தான். மும்பையில் ருஷப் மேத்தா 2008-இல் தொடங்கிய ஃபிராப்பே நிறுவனத்தின் கட்டற்ற மென்பொருள் இது. சர்வரில் பைத்தானும் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டும் வேலை செய்கின்றன. பில் படிவத்தில் எங்களுக்கு வேண்டாத கட்டங்கள் ஏராளம். வேண்டிய சாக்கு எடைக்குக் கட்டமே இல்லை. கணக்குப்பிள்ளை தனித்தாளில் கழித்து எழுதினார்.

இதற்கு மென்பொருளின் மூல நிரலில் கைவைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது நம்ம திருத்தம் அழிந்துபோகும். உரையாசிரியர் மூலத்தைத் திருத்துவதில்லை, பக்கத்தில் உரை எழுதுகிறார் அல்லவா? அதுபோல ஃபிராப்பேயில் 'கிளையண்ட் ஸ்கிரிப்ட்' என்று தனி இடம் உண்டு. அங்கே எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மூலத்தில் கலக்காமல் தரவுத்தளத்தில் தனிப் பதிவாக இருக்கும். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஜாங்கோவிலும் நிர்வாகப் பக்கத்துக்கு இப்படித் தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைக்கலாம்.

நான் செய்தது இதுதான். முதலில் 'கஸ்டமைஸ் ஃபார்ம்' வழியாக மொத்த எடை, சாக்கு எடை என இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். பிறகு ஸ்கிரிப்டில், இவற்றில் எது மாறினாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து அளவுக் கட்டத்தில் போடு என்று எழுதினேன். படிவம் திறந்ததும் வேண்டாத கட்டங்களை மறைக்கவும் சொன்னேன். பத்துப் பதினைந்து வரிகள்தான். கணக்குப்பிள்ளை தாளை ஒதுக்கிவைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு வேலை நெருக்கடி. பேரன் பில்களை எக்செல் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்றினான். கோலாப்பூர் வாடிக்கையாளர் போன் செய்தார்: "சேட்ஜி, இந்தத் தடவை சாக்குக்கும் விலையா?" கூசிப்போனேன். பேரன் மேல் தப்பில்லை. கிளையண்ட் ஸ்கிரிப்ட் பிரவுசரில் படிவம் திறந்திருக்கும்போதுதான் ஓடும். கோப்பாக ஏற்றினால் அது ஓடாது. அளவுக் கட்டத்தில் சாக்கோடு சேர்த்த எடை அப்படியே ஏறிவிட்டது. எல்லோருக்கும் கிரெடிட் நோட் போட்டு வித்தியாசத்தைத் திருப்பினோம்.

பிறகு 'சர்வர் ஸ்கிரிப்ட்' எழுதினேன். இது பைத்தானில் எழுதுவது. பில் எந்த வழியாக வந்தாலும், பதிவாகும் முன் மூன்று எடைகளும் இருக்கின்றனவா, கணக்கு ஒக்கிறதா என்று பார்க்கும். ஒக்காவிட்டால் பதிய விடாது.

மென்பொருள் படிக்கும் பிள்ளைகளுக்கு இதையே சொல்வேன். திரையில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்பவருக்கு உதவி. பூட்டு சர்வரில்தான் இருக்கவேண்டும். உதவியைப் பூட்டென்று நம்பி நான் பட்ட வெட்கம் உங்களுக்கு வேண்டாம்.