காற்றுமெத்தை ஊர்தி

காற்றுமெத்தை ஊர்தி அல்லது ஹோவர்கிராஃப்ட் என்பது, விசிறியால் கீழ்நோக்கிச் செலுத்தப்படும் காற்றின் மீது மிதந்தபடி நீர், சேறு, மணல், பனி ஆகிய பரப்புகளில் செல்லும் ஊர்தி ஆகும். அடிப்பகுதியைச் சுற்றித் தொங்கும் பாவாடை போன்ற அமைப்பு, காற்று எளிதில் வெளியேறாமல் தேக்கி வைக்கிறது. பிரித்தானியப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கரெல் இதன் கண்டுபிடிப்பாளராகக் கருதப்படுகிறார். அவரது வடிவமைப்பின்படி கட்டப்பட்ட எஸ்.ஆர்.என்-1 என்னும் ஊர்தி 1959 சூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

தமிழகத்தில்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவற்படை இவ்வூர்திகளைப் பயன்படுத்துகிறது. சுமார் 21 மீட்டர் நீளமுள்ள கிரிஃபான் 8000 வகை ஊர்திகள் மணிக்கு ஏறத்தாழ 80 கிமீ வேகத்தில் செல்லவல்லவை. தனுசுக்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளைச் சுற்றிக் கடலின் ஆழம் மிகக் குறைவு. சாதாரணக் காவற்கப்பல் அங்கு தரைதட்டிவிடும். காற்றுமெத்தை ஊர்தியோ மணலின் மீதே ஏறி நிற்கும். இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் 22 அன்று, இத்திட்டுகளில் ஒன்றில் தவித்த கைக்குழந்தை உட்பட 6 இலங்கைத் தமிழர்கள் இவ்வகை ஊர்தி மூலமே மீட்கப்பட்டனர்.

சூழலும் வணிகமும்

நீருக்கடியில் சுழலும் உந்தி இல்லாததால் கடற்புற்களோ, அவற்றை மேயும் ஆவுளியா எனப்படும் கடற்பசுவோ வெட்டுப்படுவதில்லை. ஊர்தியின் எடை பரந்த பரப்பில் பகிரப்படுவதால் சேற்றுநிலமும் அதிகம் சிதைவதில்லை. ஆயினும் இதன் இரைச்சல் மிகுதி. பறவைகள் கூடும் கரைகளில் இது சிறு குறையன்று.

பயணிகள் போக்குவரத்தில் இதன் வெற்றி குறுகியதே. ஆங்கிலக் கால்வாயில் மகிழுந்துகளையும் ஏற்றிச் சென்ற பெரிய ஊர்திகளின் சேவை 1968 முதல் 2000 வரை நடந்தது. எரிபொருட் செலவும், 1994 இல் திறக்கப்பட்ட கால்வாய்ச் சுரங்கப் பாதையும் அதை நலிவடையச் செய்தன. 1965 இல் தொடங்கிய ஹோவர்டிராவல் நிறுவனத்தின் சேவை, வைட் தீவுக்கும் சவுத்சீக்கும் இடையே இன்றும் தொடர்கிறது. தரையிலும் செல்லும் என்பதால் மலைக்கும் ஏற்றது என எண்ணிவிடலாகாது. பிடிமானம் இல்லாத இவ்வூர்தி, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சரிவு போன்ற இடத்தில் பின்னோக்கி வழுக்கிவிடும்.

ஓட்டுநர் பயிற்சி

அதே பிடிமானமின்மைதான் ஓட்டுநருக்கும் முதற் பாடம். சுக்கானைத் திருப்பினால் ஊர்தியின் முகம் திரும்பும்; ஊர்தியோ பழைய திசையிலேயே சறுக்கிச் செல்லும். எனவே திருப்பத்தையும் நிறுத்தத்தையும் வெகு முன்னதாகவே தொடங்க வேண்டும். பக்கக் காற்றுக்கு ஈடாக முகத்தைச் சாய்த்துப் பிடிக்கவும் பழக வேண்டும். வேகத்தில் முன்பாவாடை நீரில் சிக்கினால் முகப்பு திடீரென அமிழும் என்பதால், அதைத் தவிர்ப்பதும் பயிற்சியில் அடங்கும். 1985 மார்ச் 30 அன்று டோவர் துறைமுகத்தில் பலத்த காற்றால் ஒரு பெரிய ஊர்தி அலைதடுப்புச் சுவரில் மோதியதில் 4 பேர் இறந்தனர்.

பன்னாட்டு அதிவேகக் கலங்களுக்கான விதிகளின்படி, தலைமை ஓட்டுநர் குறிப்பிட்ட ஊர்தி வகைக்கும் வழித்தடத்துக்கும் உரிய தனிச் சான்றிதழைப் பெற வேண்டும். அதனை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.